தங்கச்சியம்மாவின் பங்காளிகள்

கருவறைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. எல்லா முகமும் சாமி பக்கம் இருக்கும். பின்னால் நிற்பவளுக்குக் கிடைப்பதெல்லாம் முதுகுகள். காயாத தலைமுடி, சட்டையோடு ஒட்டிய வியர்வை, யார் தோளிலோ தூங்கிப்போன குழந்தையின் திறந்த வாய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கும்பிட்டு வந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தை மாதத்து முற்பகல் ஒன்றில், திருச்சுழிக் கோயிலில் தீபாராதனைக்கு மணியடித்தபோது, அத்தனை முதுகுகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம் என்னைப் பார்த்து நின்றது. எழுபது வயது மதிக்கலாம். கறுத்த, நீளமான, எங்கள் பக்கத்து முகம். கண்கள் மூடியிருந்தன. கைகள் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கற்பூர வெளிச்சம் அவருடைய பிடரியில் ஆடியது. ஒரு கணம், என்னைத்தான் கும்பிடுகிறாரோ என்று கூச்சமாகிப்போய்த் தள்ளி நின்றேன். நான் தள்ளி நின்றேனே தவிர, குழப்பம் தள்ளிப் போகவில்லை. இன்றைக்கு வரைக்கும் போகவில்லை.

அவர் கப்பலில் வந்தவர். மொரீஷியஸ் தீவுக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு நாள் பகல் மட்டும் நின்று போகிற உல்லாசக் கப்பலிலிருந்து, 'பழமையான இந்துக் கோயில்கள் இரண்டு' என்று அச்சடித்த சீட்டோடு இறங்கி வந்த பத்தொன்பது பேரில் ஒருவர். மற்ற பதினெட்டுப் பேரும் வெள்ளைக்காரர்கள். இவர்களையெல்லாம் கோயில் சுற்றிக் காட்டிக் கூட்டிவருகிற வேலை எங்கள் மாஸ்டருக்கு வந்து சேர்ந்தது. மாஸ்டரைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அவரை எழுத நினைக்கும்போதெல்லாம் அந்தத் தீவுக்காரர் முகம் குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், பன்னிரண்டு மெஷின் போட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். இங்கிலீஷுக்கும் ஷார்ட்ஹேண்டுக்கும் மாஸ்டர்; தமிழுக்கு நான். காலை ஆறு மணிக்கே தடதடவென்று மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். கீழே டீக்கடையில் புதிதாய் வந்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மழையேயில்லாத ஊரில் நாங்கள் அடித்த மழை அது. மாஸ்டருக்கு அப்போது ஐம்பத்தைந்துக்கு மேலே. பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், சட்டைப் பையில் சிவப்பு மசிப் பேனா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். அந்தக் குரலுக்காகவே பக்கத்துச் சந்து ஆட்கள் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள் என்று சொல்வார்கள். வாரம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவர் உயிரோடிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். சனிக்கிழமை சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, யாரோடும் பேசாமல் பஸ் ஏறுவார். அவருடைய சொந்த ஊர் எது, அவர் தகப்பனார் யார் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருக்கலாம்.

மதுரையிலிருந்து வரவேண்டிய கைடுக்குக் காமாலை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் மாஸ்டரிடம் படித்த பையன் ஒருவன் வேலை பார்த்தான். அவன் போன் போட்டுக் கெஞ்சியிருக்கிறான். மாஸ்டர் படியேறி வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றார்.

"தாயி, பைபிள்னா ராப்பகலாப் பேசுவேன். கோயிலுக்குள்ள நின்னு நான் என்னத்தச் சொல்ல?"

"எனக்கு இங்கிலீஷ் வராதே மாஸ்டர்."

"அதான் சொல்றேன். ஒனக்குச் சாமி தெரியும், எனக்கு இங்கிலீஷ் தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு கைடு ஆயிருவோம்ல?"

அந்த அரையும் அரையும் சேர்ந்த கைடு அன்றைக்குப் பந்தல்குடியில் போய் நின்று, தூத்துக்குடியிலிருந்து வந்த சின்ன பஸ்ஸில் ஏறிக்கொண்டது. கடலிலிருந்து நேரே வந்தவர்கள் ஜன்னல் வழியாக எங்கள் ஊரைப் பார்த்தார்கள். கரிசல் பிளந்து கிடந்தது. சீமைக்கருவேலம், அதற்கப்புறம் சீமைக்கருவேலம், நடுவே மிளகாய் காயப்போட்ட களம் ஒன்று ரத்தம் சிந்திய மாதிரி. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதைப் படமெடுத்தாள். எனக்குள் ஏதோ குறுகியது. இதையா இவர்கள் ஏழு கடல் தாண்டிப் பார்க்க வந்தார்கள் என்று. பிறகு எதற்கென்றே தெரியாமல் பெருமையாகவும் இருந்தது. அன்று முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன்: எந்த உணர்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாமல்.

திருச்சுழியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகம் மூழ்கிய பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் துளைத்துச் சுழித்துப் பூமிக்குள் இறக்கிய இடம். சமுத்திரத்தைக் குடித்துவிட்டு இன்றைக்கு ஒரு குடம் தண்ணீருக்கு லாரி பார்த்து நிற்கிற ஊர். வெளிமண்டபத்துத் தூணருகே நின்று இதை நான் விரல் நீட்டி, கண் உருட்டி, பத்து நிமிடம் சொன்னேன். மாஸ்டர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நடுவில் 'நோவா' என்று காதில் விழுந்தது.

"ஏன் மாஸ்டர், எங்க கதைக்குள்ள நோவா எங்க வந்தாரு?"

"வெள்ளம்னா வெள்ளந்தான தாயி. அவுகளுக்கு வெளங்கணும்ல."

"அப்பச் சிவன்?"

"அவரையும் சொல்லிருக்கேன். பயப்படாத."

கொடிமரத்துக்கு அப்பால் வெள்ளைக்காரர்கள் போக அனுமதியில்லை. மாஸ்டரும் அவர்களோடு நின்றுவிட்டார். அவர் தானாகவே நின்றார், யாரும் தடுக்கவில்லை. தீவுக்காரர் மட்டும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு என் பின்னால் உள்ளே வந்து, என்னைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போனார். அங்கேதான் அந்த முதுகு திரும்பியது.

குருக்கள் தட்டோடு வெளியே வந்து திகைத்தார். "ஏம்மா, அவரத் திரும்பி நிக்கச் சொல்லு. என்ன இது, சந்நிதியில?" நான் அவர் முழங்கையைத் தொட்டேன். கண் திறந்தார். கண் நிறையத் தண்ணீர். திரும்பவேயில்லை. அப்படியே, சாமியைப் பார்க்காமல், முன்னோக்கி நடந்து வெளியே வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ஏனென்றால் அப்படிக் கும்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊரான பரளச்சிக்குக் கிழக்கே, காட்டுக்குள், ஒரே ஒரு சாமியை ஒரே ஒரு வகையறா அப்படிக் கும்பிடும். வேறு எங்கேயும் நான் கண்டதில்லை.

தங்கச்சியம்மா என்று பெயர். சிலையில்லை, உடைமரத்தடியில் ஒரு கல். முன்னொரு காலத்துப் பஞ்சத்தில் ஏழு அண்ணன்மார் ஒரு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிக் கிளம்பினார்களாம். வழியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு நடக்க முடியாமல் போக, "இந்த மரத்தடியில இரு, தண்ணி பாத்துட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவேயில்லை. ஒரு குடம் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதாகத்தான் எங்கள் ஊர் சொல்லும். அந்த அண்ணன்மாரின் வாரிசுகள்தான் பங்காளிகள். அவள் முகத்தில் விழிக்க அவர்களுக்கு யோக்கியதை இல்லை. அதனால் வருடம் ஒருமுறை சிவராத்திரிக்கு வந்து, பொங்கலை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கும்பிட்டுப் போவார்கள். சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அவர்கள் முகமெல்லாம் எங்களைப் பார்த்து இருக்கும். அழுகிற ஆண்களின் முகங்களை வரிசையாக நான் பார்த்தது அங்கேதான்.

இதை நான் மாஸ்டரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். மாஸ்டர் தீவுக்காரரிடம் கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தாளின் நகலையும் ஒரு புகைப்படத்தையும் எடுத்தார். தாள், அவருடைய தாத்தாவின் தகப்பனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியபோது எழுதிய கூலிச் சீட்டு. அதில் மதுரை ஜில்லா என்றும் திருச்சுழி என்றும் இருந்ததால்தான் மற்ற எல்லாப் பயணங்களையும் விட்டுவிட்டு இதில் ஏறியிருக்கிறார். தமிழ் அவருக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை. வீட்டில் ஒரு கல்லும் அதனடியில் ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு பிடி மண்ணும் இருந்தன; முதுகு காட்டித்தான் கும்பிடுவார்கள். ஒரு புயலில் வீடும் கல்லும் மண்ணும் கடலோடு போயின. புகைப்படத்தில் ஏழு வயதுப் பேத்தி. முடி முழங்காலைத் தொட்டது, சிக்குப் பிடித்து, கயிறு கயிறாக. பிறந்த முடி. குலசாமி முன்னால்தான் முதல் மொட்டை போட வேண்டும், சாமியே இல்லை, அதனால் முடி இறக்கவில்லை, காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். அவளுடைய தகப்பன் போன வருடம் கத்திரியை எடுத்தானாம். இவர்தான் கையைப் பிடித்துத் தடுத்தாராம். "நான் செத்துப்போனால் வெட்டிவிடுவான்" என்று அவர் சொன்னதாக மாஸ்டர் எனக்குச் சொன்னார். புதுக்கல் நட ஒரு பிடி மண். அது கிடைக்குமா? ஐந்து மணிக்குள் துறைமுகம் போய்ச் சேர வேண்டும்.

டிரைவர் தூத்துக்குடிக்காரர். "எண்ணே, லிஸ்ட்ல ரெண்டாவது கோயிலு வேற ஊருலல்லா இருக்கு?" என்றார்.

"ரெண்டு பழைய கோயில்னுதான போட்டிருக்கு? இதுவும் பழசுதான்," என்றார் மாஸ்டர். "விடுங்க வண்டிய."

முக்கால் மணி நேரப் பயணம். தீவுக்காரரும் மாஸ்டரும் முன்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தார்கள். தாழ்ந்த குரல். ஒரு சமயம் தீவுக்காரர் நீண்ட நேரம் பேசினார், மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சமயம் மாஸ்டர் நீண்ட நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் எல்லாம் இருக்கிறது. நான் பின்சீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்த மிட்டாயைச் சவைத்துக்கொண்டிருந்தேன்.

தார் ரோடு முடிந்து, வண்டித் தடம் முடிந்து, கடைசியில் எல்லோரும் இறங்கி நடந்தோம். வெள்ளைக்காரர்கள் தொப்பி வைத்துக்கொண்டார்கள். முள்வேலிக்குள் உடைமரம், கல், மூன்று செங்கல் வைத்த அடுப்புக்கரி. பதினெட்டுப் பேரும் கோயில் எங்கே என்று நாலு பக்கமும் தேடினார்கள். பூசாரி கொஞ்சத் தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாரு இவுக இத்தன பேரு? சினிமா எடுக்க வந்திருக்கீகளா?"

நான் எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னேன். முகம் இளகியது. விஷயத்தைச் சொன்னதும் மறுபடியும் இறுகியது.

"பிடிமண்ணா? நானா குடுக்குறது? நான் வெளக்குப் போடுற ஆளு. மண்ணு பங்காளிக மண்ணு. பங்காளி ஒருத்தர் வந்து, 'இவன் நம்ம ரத்தம்'னு சொல்லி, அவுக கையால அள்ளிக் குடுக்கணும்."

"அவுகள இப்ப எங்க போய்ப் பிடிக்க அய்யா?"

"சிவராத்திரிக்கு வருவாக. லாரி கட்டி வருவாக. அன்னைக்கு வரச்சொல்லு."

"கப்பலு அதுவரைக்கும் நிக்காதே."

"கப்பல நானா வரச் சொன்னேன்?"

தீவுக்காரருக்கு மொழி விளங்கவில்லை, முகங்கள் விளங்கின. வேலிக்கு வெளியிலேயே, கல்லைப் பார்க்காமல், எங்களுக்கு எதிரே நின்றார். நான் பூசாரியிடம் கெஞ்சினேன், எங்கள் அப்பா பெயரைச் சொல்லி மிரட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்போது மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார். திருச்சுழியில் கொடிமரத்தைத் தாண்டாத மனுசன், முள் பொறுக்காத அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்து வேலிக்குள் போனார். கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு மெதுவாக, சொல்லிக்கொடுத்த மாதிரி, திரும்பினார்.

"நான் பங்காளி," என்றார்.

பூசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தா வேதக்காரவுக மாதிரில்ல தெரியுது?"

"வேதக்காரந்தான். பங்காளிதான்."

"வாயால யாரும் சொல்லலாம். ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. தங்கச்சிய விட்டுட்டுப் போகையில அண்ணமாருக என்ன குடுத்துட்டுப் போனாக?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இது எனக்குத் தெரிந்த கேள்வி. "ஒரு குடம் தண்ணி, மாஸ்டர்," என்று வேலிக்கு இப்பாலிருந்து கிசுகிசுத்தேன். அவர் காதில் விழுந்தது; என்னை ஒரு பார்வை பார்த்தார். கேள்வியைத் தீவுக்காரருக்கு இங்கிலீஷில் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வசனம் வாசிக்கிற அந்தக் குரல், எங்கோ அடியாழத்திலிருந்து கிளம்பி, பாதி வழியில் உடைந்து வந்தது.

"ஒண்ணும் குடுக்கல. அவகிட்ட இருந்த குடத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாக."

பூசாரியின் கையிலிருந்த தொரட்டி தரையைத் தொட்டது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "அள்ளிக்கோங்க," என்றார்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே மண்டியிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவி, கல்லடியில் ஒரு பிடி அள்ளினார். தீவுக்காரர் உள்ளே வந்து அவர் பக்கத்தில், முதுகு காட்டி, நின்றார். மண்ணை வைக்க ஏனமில்லை. மிட்டாய் கொடுத்த அம்மாள் கேமரா பிலிம் டப்பா ஒன்றைக் காலி செய்து நீட்டினாள். கறுப்பு டப்பா, சாம்பல் மூடி. ஒரு குலத்தின் தெய்வம் அதற்குள் அடங்கியது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் சிரிப்பா அழுகையா என்று தெரியாதது. இரண்டு பேர் அப்படி நிற்பதைப் பார்த்த பதினெட்டு வெள்ளைக்காரர்களும், இந்தக் கோயிலின் வழக்கம் இதுதான் போல என்று, தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக வரிசையில் நின்று கல்லுக்கு முதுகைக் காட்டினார்கள். சிலர் கைகூட கூப்பினார்கள்.

"ஆத்தாடி," என்றார் பூசாரி, "இம்புட்டுப் பங்காளியா ஒனக்கு!"

கப்பல் கிடைத்துவிட்டது. பந்தல்குடியில் எங்களை இறக்கிவிடும்போது தீவுக்காரர் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. பஸ் போன பிறகு அருப்புக்கோட்டை வண்டிக்காக நின்றோம். மாஸ்டரின் விரல் இடுக்கில் இன்னும் மண் இருந்தது.

"மாஸ்டர், நெசமா?"

"எது தாயி?"

"நீங்க பங்காளின்னது."

"பஸ்ஸு வருது பாரு," என்றார். வரவில்லை.

நான் மூச்சு விடவில்லை. ஆனால் டிரைவருக்கு வாய் உண்டு. ஏஜென்ட் ஆபீஸ் பையனுக்கும் உண்டு. பாளையம்பட்டிக்குச் செய்தி வந்துவிட்டது. சபையில் யாரும் அவரைப் பழிக்கவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன். போதகர் வீட்டுக்கே வந்து அன்பாகக் கேட்டிருக்கிறார்: ஒரு பெரியவரின் கண்ணீரைத் துடைக்கப் பொய் சொன்னீர்களா, அதற்கும் மன்னிப்பு உண்டு, உண்மையாகவே உங்கள் முன்னோர் சாமியா, அதிலும் குற்றமில்லை, எதுவென்று சொல்லிவிட்டால் ஜெபம் பண்ணிவிட்டு மறந்துவிடலாம். மாஸ்டர் இரண்டையும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். வாசிக்கக் கூப்பிட்டபோது தலையசைத்து மறுத்திருக்கிறார். அதற்கப்புறம் ஒருநாளும் வாசிக்கவில்லை. சனிக்கிழமை உப்புத் தண்ணீர் நின்றது. பொய் என்றால் 'பொய்' என்று சொல்லிவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை மீட்டிருக்கலாமே. உண்மை என்றாலும் மீட்டிருக்கலாமே. எதைக் காப்பாற்ற அதை விட்டார்? பொய் என்று சொன்னால் அந்த மண் வெறும் மண்ணாகிவிடும் என்றா? உண்மை என்று சொன்னால், குடத்தைத் தூக்கிப் போன கைகள் தன் கைகளாகிவிடும் என்றா?

நான் எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நியாயம் வந்து நிற்கிறது. குடத்தின் கதையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. அப்படியென்றால் அவர் பங்காளி. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் தீவுக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், கேள்வியை அவருக்கே மொழிபெயர்த்து அவர் வாயாலேயே பதில் வாங்கியிருக்கலாமே? சில வருடம் கழித்து, சிவராத்திரிக்கு ஊருக்குப் போனபோது பூசாரியிடமே கேட்டேன். "நெசமான பங்காளி எவனும் அத வாய்விட்டுச் சொன்னதில்ல தாயி," என்றார். "தல குனிஞ்சு நிப்பான். அவுக ஒருத்தருதான் சொன்னாக." அப்புறம் ஏன் கொடுத்தீர்கள் என்றேன். "சொல்லும்போது அவுக மூஞ்சியப் பாத்தேனே," என்றார். அவ்வளவுதான். அந்த முகத்தை நானும்தான் பார்த்தேன். எனக்கு என்ன தெரிந்தது?

கப்பல் வந்துபோன அந்த வருட ஆடியிலேயே தீவிலிருந்து மாஸ்டருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கூடவே ஒரு படம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, காதில் தோடு மின்ன, பேத்தி. அவளுக்குப் பின்னால் புதுக்கல். குடும்பமே கல்லுக்கு முதுகு காட்டி நின்றதால் எல்லோரும் நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, "தாயி, மெஷின்ல தாளு போடு. எங்க வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தத் தமிழ்ல சொல்றேன், அடி," என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்கியது. கல் நட்ட நாள், வந்த உறவினர், இறக்கிய முடியைக் கடலில் விட்டது, பிள்ளை இப்போது கண்ணாடியை விட்டு நகர மறுப்பது. நடுவில் மாஸ்டர் நின்றுவிட்டார். உதடு அசைய அந்த இடத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஒரு வரி எடம் விடு."

"ஏன் மாஸ்டர், எழுத்து வெளங்கலையா?"

"வெளங்குது. எடம் விடு."

ஒரு வரி தள்ளிவிட்டேன். அதற்குக் கீழே 'இப்படிக்கு, உங்கள் அண்ணன்' என்று முடிந்தது. தீவிலிருந்து வந்த கடிதத்தை மடித்து அவர் எங்கே வைத்தாரோ, அதைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. மறுநாள் மாஸ்டரின் மனைவி, நான் அடித்த தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். அதற்கு முன்னால் அவர் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்ததே இல்லை.

"இந்த எடத்துல என்ன இருந்துச்சு தாயி?"

"எனக்குத் தெரியாதும்மா. எனக்கு இங்கிலீஷ் வராது."

"அவுககிட்டக் கேட்டேன். டைப் அடிக்கிற அந்தப் பிள்ள கூடவே இருந்துச்சே, அதுக்குத் தெரியும்னாக." என் முகத்தையே பார்த்தார். "பொய்யின்னாலும் சரி, நெசம்னாலும் சரி. முப்பது வருசமா நான் யாரு வீட்டுல சோறு பொங்குறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

மாஸ்டர் அதிகநாள் இருக்கவில்லை. மெஷின்களெல்லாம் பழைய இரும்புக்குப் போயின. நான் எங்கெங்கோ போய், என்னென்னவோ எழுதி, இந்த வயதுக்கு வந்து சேர்ந்தேன். போன மாதம் பாளையம்பட்டிக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்குத் தொண்ணூறைத் தொடுகிற வயது. காது மந்தம், கண் தெளிவு. பைபிளுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து என் மடியில் வைத்தார். நான் அடித்த எழுத்துகள் மங்கியிருந்தன. விட்ட வரியில் பென்சிலால் எழுதி அழித்த தடம். ஒரு முறை எழுதியதல்ல. வருடக்கணக்காக எழுதி அழித்து, எழுதி அழித்து, கீழ்மேலாக எழுத்துகள் ஒன்றையொன்று தின்றிருந்தன. ஒரு ஓரத்தில் 'நெ' என்று தெரிந்தது. அதன் மேலேயே 'பொ' இருந்தது.

"நீ இப்பப் பெரிய எழுத்துக்காரியாமே," என்றார். "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போ. நீ எழுதுனத அழிக்க மாட்டேன்."

பென்சிலைக் கையில் வாங்கிக்கொண்டேன். தாளை ஜன்னல் பக்கம் தூக்கினேன். அந்த ஒரு வரி மட்டும் நைந்து மெலிந்து, அதன் வழியாக வெளியே நின்ற வேம்பு தெரிந்தது. முனையை வைத்தால் கிழிந்துவிடும். அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார்.